நாலாம் நம்பரின் கால்

தாழ்ப்பாளை வெளியே போட்டுவிட்டுப் போவது என் நன்மைக்குத்தான் என்றார் வைத்திலிங்கம் சார். "அஞ்சலாட்சி மேடம், நீங்க உள்ளயே இருங்க, கூட்டம் கொஞ்சம் கலையட்டும். அதுக்குள்ள ரிப்போர்ட்ட எழுதி வச்சிடுங்க. நாலரைக்கு கமிட்டி உக்காருது." போட்டியை நடத்தும் கன்வீனர் அவர், அவர் சொன்னால் ரெஃப்ரி கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். கதவு மூடியது, இரும்பு உரசியது, அவருடைய ஷூ சத்தம் தாழ்வாரத்தில் போய் மறைந்தது. இந்தப் பள்ளிக்கூடத்தின் பி.டி. ரூமில் நான் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறேன். மூலையில் ஈட்டிகள், கிழிந்த வாலிபால் வலை, காற்றிறங்கிய பந்துகள், கோடு போடும் சுண்ணாம்புத்தூள் மூட்டை. சன்னலுக்குக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள், அதில் எப்போதோ சிக்கிய இறகுப்பந்து ஒன்று அப்படியே இருக்கிறது. எழுபது நிமிஷம் ஓடிய கால் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகவே நினைக்கிறது, மேசைக்கு அடியில் தானாக ஆடுகிறது. காலுறை ஈரம். தண்ணீர் பாட்டில் மைதானத்தில் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, போய் எடுக்க முடியாது. வெளியே மேளம் அடிக்கிறார்கள், ஜெயித்த பெண்கள் கத்துகிறார்கள், அந்தக் கத்தலுக்கு நடுவில் ஆண் குரல்கள் சில வேறு மாதிரி கத்துகின்றன. மணி நாலு ஐந்து. எதிரே படிவம். நடுவர் அறிக்கை என்று மேலே அச்சடித்திருக்கிறது, கீழே ஆறு கோடுகள். ஆறு கோட்டில் எழுதி முடிக்கிற விஷயம்தான். ஒரு கோட்டிலேயே முடியும், அதுதான் சங்கடம்.

நடந்ததை நடந்தபடி ஒருதடவை எனக்கே சொல்லிக்கொள்கிறேன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் "முதல்ல இருந்து சொல்லு" என்பேனே, அப்படி. மாவட்டப் பள்ளிகளின் பெண்கள் கால்பந்து, பதினேழு வயதுக்குள், இறுதி ஆட்டம். நீலச் சட்டை இந்தப் பள்ளிக்கூடம், மஞ்சள் சட்டை வெளியூர். நீலம் ஒரு கோல் முன்னால். முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது நீலப் பெண் ஒருத்தி தன் கோலுக்கு முன்னால் கோடு போட்ட பாக்ஸுக்குள் பந்தைக் கையால் தட்டினாள். தெரியாமல் பட்டதில்லை, தட்டினாள். பெனால்டி கொடுத்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இப்போது கேட்டாலும் கொடுப்பேன். மஞ்சள் அணியின் ஒன்பதாம் நம்பர் சங்கவி பந்தை வைத்தாள். கோலில் நீல அணியின் ஜனப்பிரியா. உதைக்கிறவளும் கோல்கீப்பரும் தவிர மற்ற எல்லாரும் பந்தை உதைக்கும்வரை பாக்ஸுக்கு வெளியே நிற்க வேண்டும், இது தெருவில் ஆடுகிற குழந்தைக்கும் தெரிந்த விதி. விசில் அடித்தேன். சங்கவி ஓடிவந்தாள். அவள் கால் பந்தில் படுவதற்கு முன்பே மஞ்சள் பதினொன்று உள்ளே வந்துவிட்டாள். நீல நாலும் உள்ளே வந்துவிட்டாள். உதை விழுந்தது, ஜனப்பிரியா இடதுபக்கம் பாய்ந்து தடுத்தாள், பந்து திரும்பி வந்தது, முன்கூட்டியே உள்ளே வந்த இருவரும் அதன்மேல் ஒன்றாகப் போய் மோதினார்கள். நான் விசில் அடித்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கினேன். நீலத்துக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். அதாவது தப்பு மஞ்சளுடையது, பெனால்டி முடிந்தது, பந்து நீலத்துக்கு. ஒரு நிமிஷம் கழித்துக் கடைசி விசில்.

இப்போது விதி. மஞ்சள் மட்டும் முன்னால் வந்து கோல் ஆகாவிட்டால் நீலத்துக்கு இன்டைரக்ட். நீலம் மட்டும் வந்து கோல் ஆகாவிட்டால் பெனால்டி திரும்ப உதைக்க வேண்டும். இரண்டு பேரும் வந்து இரண்டு பேரும் பந்துக்குப் போயிருந்தால், கோல் ஆனாலும் சரி ஆகாவிட்டாலும் சரி, திரும்ப உதைக்க வேண்டும். அவ்வளவுதான், மூன்று வரி. மஞ்சள் அணியின் பி.டி. சார் ஆரோக்கியதாஸ் இதைத்தான் புரொட்டஸ்ட் கடிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் எழுதினால் ஆகிவிடுமா? ஆகாது. நான் என்ன பார்த்தேன் என்பதை எந்தக் கமிட்டியும் மாற்ற முடியாது. ரெஃப்ரி பார்த்தது பார்த்ததுதான், அதற்கு அப்பீல் கிடையாது. பார்த்ததற்குச் சரியான விதியைப் போட்டாளா என்று மட்டும்தான் அவர்கள் கேட்கலாம். ஆக, பதினொன்று மட்டும் உள்ளே வந்தாள் என்று நான் எழுதினால் என் தீர்ப்பு சரி, சட்டம் சரி, கோப்பை சரி, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். இரண்டு பேரும் வந்தார்கள் என்று எழுதினால் விதியைத் தப்பாகப் போட்டவள் நான். தப்பைச் சரியாக்க விதியைத் தொட வேண்டாம். பார்த்ததைத் தொட்டால் போதும். லைன்ஸ்மேனைக் கேட்கலாமே என்றால், பெனால்டியின்போது லைன்ஸ்மேனுடைய கண் கோல்கீப்பரின் காலிலும் கோல் கோட்டிலும் இருக்க வேண்டும், பாக்ஸின் கோடு ரெஃப்ரிக்கு மட்டும்தான். செல்போனில் எடுத்தவர்கள் எல்லாரும் பந்தைத்தான் எடுத்தார்கள், எடுத்திருந்தாலும் கமிட்டி அதைப் பார்க்காது. அந்தக் கோட்டை இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் பார்த்தது. அந்த ஆளை ரூமில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள்.

வைத்திலிங்கம் சார் கதவைச் சாத்துவதற்கு முன் நின்று ஒன்று சொன்னார். மெதுவாக, ரொம்ப அக்கறையாக. "அந்தக் கூட்டத்துல, அந்த வேகத்துல, நீங்க ஒருத்திய மட்டும் பாத்திருந்தீங்கன்னா அது இயற்கைதான் மேடம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. மாவட்டத்தில் பெண் ரெஃப்ரியே இல்லாத காலத்தில் என் பெயரை எழுதிச் சேர்த்தவர் அவர். மாநில ரெஃப்ரி தேர்வுக்கு இந்த வருஷம் அவர்தான் சிபாரிசுக் கடிதம் கொடுக்க வேண்டும், அடுத்த திங்கள்கிழமை அது போகிறது, இந்த வருஷம் விட்டால் எனக்கு வயது தாண்டிவிடும். விதியைத் தப்பாகப் போட்ட ரெஃப்ரிக்கு எந்த முகத்தோடு அவர் கடிதம் கொடுப்பார்? கடிதத்தை விடு. அடுத்த ஆட்டத்துக்கு விசில் கொடுப்பார்களா? "அப்பவே சொன்னோம், பொம்பளைங்கள போடாதீங்கன்னு" என்பதை நாலு பேர் பல வருஷமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நான் ஒருத்தி தப்புப் பண்ணினால் எனக்குப் பின்னால் வரப்போகிறவளுக்கும் சேர்த்து விழும். இது நியாயமான கவலைதான். ஆனால் எனக்குச் சௌகரியமாக இருக்கும்போது மட்டும் இந்த நியாயம் எவ்வளவு சீக்கிரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது பார்.

சரி, ஒருவேளை நான் பார்க்கவே இல்லையோ. கண்ணை மூடிப் பார்க்கிறேன். கோடு வெள்ளையாக இருக்கிறது, ஒரு இடத்தில் சுண்ணாம்பு அதிகமாகக் கொட்டி மேடாக இருக்கிறது. பதினொன்றின் கால் உள்ளே வருகிறது, கறுப்பு ஷூ, நாடா அவிழ்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் வெறும் புல். அவ்வளவுதான், வெறும் புல். இன்னும் கொஞ்சம் அழுத்தி நினைத்தால் வெறும் புல்லாகவே ஆகிவிடும் என்று தோன்றுகிறது. நாளைக்கு, அடுத்த வாரம், ஒரு வருஷம் கழித்து, "பதினொன்று மட்டும்தான் வந்தா" என்று நானே அடித்துச் சொல்வேன், எனக்குள்ளும் யாரும் மறுக்க மாட்டார்கள். புல்லைப் பார்க்கிறேன். புல்லில் ஒரு நோட்டு அட்டை வருகிறது. நாலாம் நம்பரின் காலுறை இறங்கிப்போய் உள்ளே வைத்திருந்த அட்டை வெளியே தெரிகிறது. முழங்காலுக்குக் கீழே அடிபடாமல் கட்டுகிற ஷின்கார்டு வாங்க முடியாத பிள்ளைகள் நோட்டு அட்டையை வெட்டிக் காலுறைக்குள் செருகிக்கொள்வார்கள், நானும் கண்டுகொள்வதில்லை. பழுப்பு அட்டை, அதில் நீல மையில் என்னவோ கிறுக்கல். அது கோட்டைத் தாண்டி, சுண்ணாம்பு மேட்டைத் தாண்டி, ஒரு முழம் உள்ளே இருக்கிறது, அப்போது சங்கவியின் கால் இன்னும் பின்னால்தான் இருக்கிறது. பார்க்கவில்லை என்றால் இந்த அட்டை எங்கிருந்து வந்தது? மோதி விழுந்த பிறகு பார்த்திருப்பேனோ? விழுந்த பிறகு அவள் எழுந்து காலுறையை மேலே இழுத்துக்கொண்டுதான் நின்றாள், அதையும்தான் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்துத் தொலைக்கிற கண். நல்ல ரெஃப்ரிக்கு வேண்டிய கண் என்று சொல்வார்கள்.

விதி மறந்துவிட்டதோ என்றால் அதற்கும் வழியில்லை. பரீட்சைக்குப் படித்தபோது அந்த விதியைக் கட்டம் போட்டு ஒரு தாளில் எழுதி அரிசி டப்பாவில் ஒட்டி வைத்திருந்தேன். யார் வந்தால், கோல் ஆனால், ஆகாவிட்டால். என் கணவர் இளவழகன் மின்வாரியத்தில் கணக்குப் பார்க்கிறவர், கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கல்யாணத்தின்போது கேட்டவர். அவர்தான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார். "உதைக்கிற டீம் உள்ள வந்துட்டாங்க, கோல் ஆயிடுச்சு?" "திரும்ப உதைக்கணும்." "கோல் ஆவல?" "இன்டைரக்ட், எதிர் டீமுக்கு." "தடுக்குற டீம் வந்துட்டாங்க, கோல் ஆயிடுச்சு?" "கோல்தான்." "ரெண்டு டீமும் வந்துட்டாங்க?" "திரும்ப உதைக்கணும், ஆனாலும் ஆவலைனாலும்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கே இப்ப பாஸ் மார்க் போடுவாங்க போல" என்பார். சாம்பார் கொதிக்கிற சத்தத்தில் கேட்டாலும் சொல்வேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இன்றைக்கு மூன்றே காலுக்கு, நல்ல வெளிச்சத்தில், அதைச் சொல்ல வாய் வரவில்லை. கை மட்டும் மேலே போயிற்று. கை ஏன் மேலே போயிற்று? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிடுகிறது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது, சுண்ணாம்பு, நாடா, அட்டை, கை. மணி நாலு பத்து. மேளக்காரன் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறான். யாரோ கம்பிவலைக்குப் பக்கத்தில் வந்து, "உள்ளதான்டா இருக்கு அது" என்றான். என்னைத்தான் அது என்கிறான். நான் நாற்காலியைச் சன்னலுக்குத் தெரியாத பக்கமாக நகர்த்திக்கொண்டேன், ஈட்டிகளுக்குப் பக்கத்தில்.

இப்படி நகர்ந்து உட்கார்வது எனக்குப் புதிதில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் பண்ருட்டிப் பக்கம் ஒரு ஊரில் திருவிழா டோர்னமென்ட், பையன்கள் ஆட்டம். உள்ளூருக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்தேன், அது கோல் ஆனது, உள்ளூர் தோற்றது. "மேடம், கொஞ்ச நேரம் இங்க இருங்க, பாதுகாப்பு" என்று ஒருவர் கூட்டிக்கொண்டு போய் முந்திரிக்கொட்டை மூட்டை அடுக்கிய அறையில் உட்கார வைத்தார். அந்தக் கொட்டை எண்ணெயின் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீராக வந்தது. கொஞ்ச நேரம் என்பது ஒரு மணி நேரம் ஆயிற்று. கதவை வெளியிலிருந்து கையால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். உடைக்கிற மாதிரி இல்லை, நிதானமாக, ஒருத்தன் ஓய்ந்தால் இன்னொருத்தன், சிரித்துக்கொண்டு. என்ன பேசினார்கள் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்வதற்கும் இல்லை. வீட்டுக்கு வந்து வண்டி பஞ்சர் என்றேன். இளவழகன் மறுநாள் ட்யூபைக் கழற்றித் தொட்டியில் முக்கிப் பார்த்துவிட்டு, "ஓட்டையே இல்லையே" என்றார். "வெறும் காத்து எறங்கியிருக்கும்" என்றேன். அவர் ட்யூபைத் துடைத்துத் திரும்ப மாட்டினார். அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டம் பார்த்தாயிற்று. பெனால்டி கொடுக்காமல் விட்டதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. ஆனால் ஒவ்வொரு பெனால்டியும் கொடுத்த பிறகு கதவு எந்தப் பக்கம், வண்டி எந்தப் பக்கம் என்று ஒருதரம் பார்த்துக்கொள்வேன். இன்றைக்கும் பார்த்தேன். மைதானத்தின் கேட்டுக்கும் எனக்கும் நடுவில் கூட்டம் நின்றது.

ஆக, இதுதான். பெனால்டி கொடுத்ததும் கோலுக்குப் பின்னால் நின்ற ஆள், வேட்டியை மடித்துக் கட்டியவர், யாரோ ஒரு பிள்ளையின் சித்தப்பாவோ மாமாவோ, என் காதுக்குக் கேட்கிற மாதிரி, "ஏய் விசிலு, வெளிய வருவ இல்ல, அப்ப வச்சிக்கிறேன்" என்றார். கேட்காத மாதிரி நின்றேன். சங்கவி உதைத்தாள், ஜனப்பிரியா தடுத்தாள், மைதானமே எழுந்து நின்றது. அந்த ஒரு வினாடி எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. அப்பாடா, கோல் ஆகவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்ற நிம்மதி. அதற்குள் இரண்டு கால்களும் கண்ணில் இருந்தன, விதியும் தலையில் இருந்தது. திரும்ப உதை என்றால் அதே பெனால்டியை இரண்டாம் தரம் கொடுத்த மாதிரி, அதே ஆளுக்கு முன்னால், அதே கேட்டுக்கு முன்னால். கை தலைக்கு மேலே போயிற்று. கையைத் தூக்கினால் நீலத்துக்குச் சாதகம், கூட்டம் கைதட்டும். கைதட்டினார்கள். வேட்டிக்காரர்கூட. எனக்கு முதுகில் வேர்வை குளிர்ந்தது, சுகமாக இருந்தது. மறக்கவும் இல்லை, பார்க்காமலும் இல்லை. பயந்தேன். பயந்து, விதிப்புத்தகத்தில் எந்த வரி என்னை வீட்டுக்குக் கொண்டுபோகுமோ அந்த வரியை எடுத்தேன். பதினாறு வயதுப் பிள்ளை, சங்கவி, பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தன. "மேடம், அவங்களும் உள்ள வந்தாங்க மேடம்" என்று ஒரே ஒருதரம் சொன்னாள். "நீ போய் நில்லும்மா" என்றேன். மேடத்தின் குரலில் சொன்னேன், பிள்ளைகள் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று தெரிந்து.

மணி நாலு பதினாறு. பேனாவைத் திறந்து மூடுகிறேன். ஆரோக்கியதாஸின் கடிதத்தின் நகலும் படிவத்தோடு சேர்த்துக் குத்தியிருக்கிறது. மஞ்சள் அணி தோற்றதும் கத்தவேண்டிய ஆள் அவர், கத்தவில்லை. ஒரு ஓரமாகப் போய் முழங்காலில் வைத்து எழுதிக் கொடுத்தார். "மதிப்பிற்குரிய நடுவர் அவர்கள் ஆட்டத்தின் வேகத்தில் நீல அணி வீராங்கனையைக் கவனிக்கத் தவறியிருக்கலாம்." தவறியிருக்கலாம். எதிராளியே கதவைத் திறந்து, வாங்க மேடம், இந்தப் பக்கமா போயிடுங்க என்கிறார். எல்லாருமே நல்லவர்களாக இருந்து தொலைக்கிறார்கள். ஒருத்தராவது மிரட்டினால் கோபத்தில் உண்மையை எழுதிவிடுவேன். இன்னொன்றும் இருக்கிறது, இதை நினைத்தால்தான் பேனா நின்றுபோகிறது. ஜனப்பிரியா தப்பே பண்ணவில்லை. கோட்டிலிருந்து ஒரு இம்மிகூட நகரவில்லை, லைன்ஸ்மேன் கொடி ஆடவில்லை. கடைசி நிமிஷத்தில் பெனால்டியைத் தடுத்தவள் என்று இப்போது அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். நான் உண்மையை எழுதினால் அவள் தடுத்தது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். நாலாம் நம்பர் அவசரப்பட்டதற்கும் நான் பயந்ததற்கும் அவள் இறங்க வேண்டும். அப்படியானால் எழுதாமல் இருப்பதுதான் அவளுக்கு நியாயமோ? பார், மறுபடி ஒரு நியாயம் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த ரூமில் இருக்கிற நாற்காலிகளைவிட நியாயங்கள் அதிகம். சங்கவியின் பக்கம் மட்டும் யாரும் உட்காரவில்லை. அவளுக்குச் சேரவேண்டியது கோப்பைகூட இல்லை, ஒரு உதை. பன்னிரண்டு கஜத்திலிருந்து ஒரே ஒரு உதை. அது அவளுடையது, அதை எடுத்து என் பயத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

எழுதினேன். கையெழுத்து வகுப்பில் எழுதுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக. பெனால்டி உதைக்கு முன்பே மஞ்சள் அணி எண் பதினொன்றும் நீல அணி எண் நான்கும் பாக்ஸுக்குள் வந்ததை நான் பார்த்தேன். இருவரும் திரும்பி வந்த பந்துக்குப் போனார்கள். திரும்ப உதைக்க வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். கூட்டத்துக்குப் பயந்து இன்டைரக்ட் கொடுத்தேன். நாலு கோடு ஆயிற்று, இரண்டு கோடு மிச்சம். கையெழுத்துப் போட்டேன். இலேசாகும் என்று நினைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. வைத்திலிங்கம் சார் டீ கிளாஸோடு வந்தார். படிவத்தை எடுத்து நின்றபடியே படித்தார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி மேடம். ரெண்டு பேரையும் பாத்தீங்க. ஒத்துக்கறேன். கடைசி வரி எதுக்கு?" "அதான் சார் நடந்துச்சு." "விதி அந்த நேரத்துல ஞாபகம் வரலன்னு போடுங்க. மறதிக்கு ஒரு பயிற்சி கிளாஸ் வச்சு, ஆறு மாசத்துல திரும்ப எடுத்துக்குவாங்க. நானே பேசறேன். பயந்துட்டேன்னு எழுதிட்டா யாரு மேடம் உங்க கையில விசில குடுப்பா?" அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினாலும் சங்கவிக்கு உதை கிடைத்துவிடும். அவளுக்கு அது போதும். கடைசி வரி யாருக்கு? அவர் தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி எனக்குப் பக்கத்தில் வைத்தார். அரிசி டப்பா ஞாபகம் வந்தது. மறந்துவிட்டது என்று மட்டும் என்னால் எழுத முடியாது சார் என்று சொல்ல நினைத்து, "டீ ஆறுது சார்" என்றேன். அவர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, படிவத்தை எடுத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை தாழ்ப்பாள் போடவில்லை. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.

கமிட்டிக்குப் பத்து நிமிஷம்தான் ஆனது. இரண்டு அணியும் இன்னும் மைதானத்தில்தான் இருக்கின்றன, வெளிச்சமும் இருக்கிறது, ஆகையால் ஐந்து மணிக்கு அந்தப் பெனால்டியிலிருந்தே ஆட்டம் தொடரும், லைன்ஸ்மேன்களில் ஒருவர் ரெஃப்ரி. ஒலிபெருக்கியில் வைத்திலிங்கம் சார் குரலில் என் பெயர் வரவில்லை, "நடுவரின் அறிக்கையின் பேரில்" என்று மட்டும் வந்தது. மேளம் பாதியில் நின்றது. பிறகு வந்த சத்தத்தை, சார் வரவழைத்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள் கேட்டுக்குப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். தாழ்வாரத்துக்கு வந்தேன், கால் ஆடுவது நின்றிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் படியில் ஜனப்பிரியா மட்டும் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் மாலை கிடந்தது. வலது கையை ஒரு ஐஸ் பொட்டலத்துக்குள் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றாள், பொட்டலம் கீழே விழுந்தது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் வீங்கி ஒட்டிக்கொண்டு ஒரே விரலாக இருந்தன.

"எப்பம்மா ஆச்சு?"

"அந்தப் பந்த தடுத்தப்ப மேடம். அப்ப வலிக்கல."

"வேற யாராவது நிக்கலாம்மா. விதியில இடம் இருக்கு. உங்க சார்கிட்ட நான் சொல்றேன்."

"வேணாம் மேடம், நான்தான் நிப்பேன்." பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, "நான் கோட்ட வுட்டு நகந்துட்டனா மேடம்? அதான் திரும்பவா?" என்றாள்.

"இல்லம்மா. நீ நகரவே இல்ல. நல்லா புடிச்ச. தப்பு என்னுது."

அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிங்க மேடம்" என்றாள். மாலையைக் கழற்றிப் படியில் வைத்தாள். இடது கைக்குக் க்ளவுஸ் போட்டுக்கொண்டாள். வலது கைக்குப் போட்டுப் பார்த்தாள், வீக்கத்தில் பாதி வரைக்கும்தான் போயிற்று, பல்லால் கடித்து இழுத்தாள், ஏறவில்லை. மைதானத்தில் யாரோ விசில் அடித்து இரண்டு அணியையும் கூப்பிட்டார்கள். சங்கவி பந்தை எடுத்துக்கொண்டு பாக்ஸை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

ஜனப்பிரியா கையை என் பக்கம் நீட்டினாள். "கொஞ்சம் இழுத்து வுடுங்க மேடம்."

நான் இழுத்தேன். அவள் சத்தம் போடவில்லை.